காந்தமா, செவியா?

பெரிய பொருளுக்கு மாலையிடுவதும் சிறிய பொருளை மறந்துவிடுவதும் உலக வழக்கம். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் பலர்; அதைத் தாங்கும் அடித்தளக் கல்லை எண்ணிப் பார்ப்பவர் சிலர். இவ்வழக்கம் அறிவியல் உலகையும் விட்டுவைக்கவில்லை. இதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியே நல்ல எடுத்துக்காட்டு. "1.5 டெஸ்லா", "3 டெஸ்லா" என்று கருவியின் காந்த வலிமையைப் பெரிய எழுத்தில் விளம்பரப் பலகைகள் பறைசாற்றுகின்றன. ஆனால் அக்காந்தத்தின் நடுவே படுத்திருக்கும் நோயாளியின் உடலிலிருந்து எழும் மெல்லிய அலையைக் கேட்டு வாங்குவது எது? அதைப் பற்றிப் பலகைகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

அலையைக் கேட்டு வாங்கும் அந்தச் செவிகளுக்காகவே, அதாவது பல தடங்களில் அலை வாங்கும் உணர்சுருள்களுக்காகவே, நான் இங்கு வாதாட விரும்புகிறேன். 1990-க்குப் பின் இக்கருவி நோயாளிக்குச் செய்துள்ள நன்மைகளுள் பெரும்பங்கு, காந்தம் பெருத்ததால் மட்டும் வந்ததன்று. செவிகள் பலவாகி, உடலுக்கு அருகில் வந்ததால் வந்தது என்பது என் கருத்து. இக்கருத்து சரியென்றால், கருவியை வாங்குவோரும், அதைப் பயன்படுத்துவோரும், அதில் படுக்கப் போகும் நாமும் கேட்க வேண்டிய கேள்விகள் மாற வேண்டும்.

கருவி கேட்கும் குரல்

நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. அவ்வணுவின் கருவாகிய புரோட்டான் ஒரு மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்கிறது. வலிமை மிக்க காந்தப் புலத்தில் உடலை வைத்து, தக்க அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையைச் செலுத்தினால், இச்சிறு காந்தங்கள் தம் நிலையிலிருந்து சாய்ந்து, ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுவது போலச் சுழல்கின்றன. மாறுகின்ற காந்தப் புலம் அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது ஃபாரடே 1831-ஆம் ஆண்டில் கண்ட உண்மை; நம் இயற்பியல் வகுப்பில் நாளும் ஓதப்படும் பாடம். அத்தூண்டலே கருவி கேட்கும் குரல். அதன் அதிர்வெண் டெஸ்லாவுக்கு 42.58 மெகா ஹெர்ட்ஸ். 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 64 மெகா ஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 128.

இக்குரல் எவ்வளவு மெல்லியது தெரியுமா? 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அத்தகைய புலத்திலும், உடலின் வெப்பநிலையில், 10 லட்சம் புரோட்டான்களுக்கு ஐந்து என்ற அளவில்தான் ஒரு பக்கம் மிகுதி ஏற்படுகிறது. மற்றவை எதிரெதிராக நின்று ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. அந்த ஐந்தின் முணுமுணுப்பிலிருந்துதான் மூளையின் கட்டியையும் முதுகெலும்பின் தட்டு விலகலையும் மருத்துவர் காண்கிறார்.

காந்தத்தின் வலிமையை இருமடங்காக்கினால் ஐந்து பத்தாகும். 3 டெஸ்லாவின் மதிப்பு இதனால் வந்ததே. அதை நான் மறுக்கவில்லை. 1973-ஆம் ஆண்டில் இம்முறையில் படம் வரைந்து காட்டிய பால் லாட்டர்பரும், அதை விரைவாக்கும் வழி கண்ட பீட்டர் மேன்ஸ்ஃபீல்டும் 2003-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். அவர்கள் தொடங்கிய பணியில் காந்தத்தின் பங்கு பெரிதுதான். ஆயினும், குரலை உரக்கச் செய்வது ஒரு வழி என்றால், அருகில் சென்று கேட்பது மற்றொரு வழியன்றோ?

இரைச்சலின் பிறப்பிடம்

ரேடியோவில் இரைச்சல் கேட்டால் பெட்டியில் கோளாறு என்கிறோம். ஸ்கேன் கருவியிலும் இரைச்சல் கம்பியிலும் பெருக்கியிலும்தான் பிறக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மை வேறு. பெரிய காந்தங்களில், மனித உடலைப் படமெடுக்கும்போது, நன்றாகச் செய்யப்பட்ட சுருளுக்கு வந்து சேரும் இரைச்சலின் பெரும்பகுதி நோயாளியின் உடலிலிருந்தே வருகிறது. உடல் உப்பு நீர் நிறைந்த மின்கடத்தி. அதிலுள்ள அயனிகள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. அந்த அலைச்சலே சுருளில் இரைச்சலாகப் பதிகிறது. குரலும் உடலிலிருந்து வருகிறது. குரலை மறைக்கும் கூச்சலும் அதே உடலிலிருந்து வருகிறது!

இதைத் திருமண மண்டபத்தோடு ஒப்பிடலாம். மண்டபம் நிறைய உறவினர். மூலையில் ஒரு முதியவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிறார். மண்டபத்தின் நடுவில் ஒரு பெரிய ஒலிவாங்கியைத் தொங்கவிட்டால் அது அவர் குரலையும் வாங்கும். ஆயிரம் பேரின் கூச்சலையும் சேர்த்து வாங்கும். ஆனால் ஒரு சிறுவன் அவரருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தால் அவர் சொல்வது தெளிவாகக் கேட்கும். சிறுவனின் செவி சிறிது. ஆனால் அருகில் இருக்கிறது. தொலைவிலுள்ள கூச்சல் அவனை எட்டுவது குறைவு.

உடல் முழுவதையும் சூழ்ந்திருக்கும் பெரிய சுருள், மண்டபத்தின் நடுவே தொங்கும் ஒலிவாங்கி. உடலின் மேல் வைக்கப்படும் சிறு சுருள், அச்சிறுவன். 1980-களின் தொடக்கத்திலேயே இத்தகைய மேற்பரப்புச் சுருள்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கு ஒரு குறை. சிறுவனுக்கு அந்த முதியவரின் பேச்சு மட்டுமே கேட்கும். மண்டபத்தின் மறுமூலையில் பேசுபவரின் சொல் கேட்காது. முதுகுத்தண்டு முழுவதையும் பார்க்க வேண்டுமானால் சுருளை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துப் பலமுறை படமெடுக்க வேண்டியிருந்தது.

ஐவர் கண்ட வழி

அப்படியானால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறுவனை உட்கார வைத்துவிட்டால் என்ன? எளிய எண்ணம்தான். ஆனால் செயலில் ஒரு சிக்கல். ஒரே அதிர்வெண்ணுக்கு இசைக்கப்பட்ட இரண்டு சுருள்களை அருகருகே வைத்தால் அவை ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும். பரிமாற்று மின்தூண்டல் என்று நாம் படிக்கிறோமே, அதுவே இங்கு பகையாகிறது. சிறுவர்கள் முதியவர் பேச்சைக் கேட்பதை விட்டுத் தமக்குள் பேசிக்கொள்வது போன்ற நிலை.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தைச் சேர்ந்த ரோமர், எடெல்ஸ்டைன், ஹேஸ், சூசா, முல்லர் ஆகிய ஐவர் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதற்குத் தெளிவான விடை இருந்தது. அடுத்தடுத்த சுருள்களை ஒரு குறிப்பிட்ட அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்குமாறு வைத்தால் அவற்றுக்கிடையே உள்ள பரிமாற்றுத் தூண்டல் சுழியாகிவிடும். சற்றுத் தள்ளியிருக்கும் சுருள்களுக்கு, உள்ளீட்டு மின்தடை மிகக் குறைந்த முதற்பெருக்கிகளைத் தகுந்தவாறு இணைத்தால் சுருளில் ஓடும் மின்னோட்டமே அடங்கிவிடும்; மின்னோட்டம் அடங்கினால் அண்டைச் சுருளைத் தொல்லைப்படுத்துவது எங்ஙனம்? ஒவ்வொரு சுருளுக்கும் தனிப் பெருக்கி, தனித் தடம். தனித்தனியே பதிந்தவற்றைப் பின்னர்க் கணக்கிட்டுச் சேர்த்தனர். நான்கு சுருள்களை வரிசையாக அடுக்கி முதுகுத்தண்டைப் படமெடுத்துக் காட்டினர். சிறு சுருளின் தெளிவும் பெரிய சுருளின் பரப்பும் ஒருசேரக் கிடைத்தன. ராடார் துறையிலிருந்து பெயரை இரவல் வாங்கி இதை "ஃபேஸ்டு அர்ரே" என்றனர்.

இதில் புதிய விதி எதுவும் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஃபாரடேயின் விதி பழையது. பரிமாற்றுத் தூண்டலும் மின்தடைக் கணக்கும் இளங்கலை வகுப்பின் பாடங்கள். பழைய பாடத்தைப் புதிய தேவையோடு பொருத்திப் பார்த்த கூர்மைதான் அங்கே வென்றது.

காலத்தைக் குறைத்த கணக்கு

இதுவரை சொன்னது தெளிவைப் பற்றியது. இனிச் சொல்லப்போவது காலத்தைப் பற்றியது. நோயாளியின் பார்வையில் இதுவே பெரிது.

எம்.ஆர்.ஐ. படம் புகைப்படம் போல நொடியில் பதிவதன்று. வரி வரியாகத் தகவலைத் திரட்ட வேண்டும். 256 வரிகள், வரிக்கு அரை நொடி என்றால் ஒரு வகைப் படத்துக்கு 128 நொடி. இவ்வாறு பல வகைப் படங்கள் எடுக்க வேண்டும். அதுவரை நோயாளி குறுகிய குழலுக்குள், செவியைத் துளைக்கும் ஓசைக்கு நடுவே, அசையாமல் கிடக்க வேண்டும். ஈரலைப் படமெடுப்பதென்றால் மூச்சையும் அடக்க வேண்டும். நலமுள்ளவர் 20 நொடி மூச்சடக்கிவிடுவார். மூச்சிரைக்கும் நோயாளி என்ன செய்வார்?

ஒன்றுவிட்டு ஒரு வரியை மட்டும் எடுத்தால் காலம் பாதியாகும். ஆனால் படம் மடிந்துவிடும். மடித்த வேட்டியில் ஒரு கரை மறுகரையின் மேல் படிவது போல, படத்தின் ஒரு பாதி மறுபாதியின் மேல் விழும். மடிந்த படத்தின் ஒரு புள்ளியில் உண்மையில் இரண்டு இடங்களின் ஒளி கலந்திருக்கும். அவற்றைப் பிரிப்பது எப்படி?

இங்கேதான் பல செவிகள் மீண்டும் கைகொடுக்கின்றன. கலந்திருக்கும் இரண்டு இடங்களின் அளவுகளை அ, ஆ என்போம். முதற்சுருள் அ-வுக்கு அருகில் உள்ளது. அது அ-வை மூன்று பங்கும் ஆ-வை ஒரு பங்கும் கேட்கிறது. அதன் மொத்தம் 11. இரண்டாம் சுருள் அ-வை ஒரு பங்கும் ஆ-வை இரண்டு பங்கும் கேட்கிறது. அதன் மொத்தம் 7. உயர்நிலைப் பள்ளி மாணவனிடம் கொடுத்தால் அ = 3, ஆ = 2 என்று உடனே சொல்லிவிடுவான். இரண்டு சமன்பாடுகள், இரண்டு தெரியாத எண்கள். மடிப்பு விரிந்துவிட்டது!

ஒரே ஒரு சுருள் மட்டும் இருந்திருந்தால் ஒரே சமன்பாடுதான். விடை காண முடியாது. இரண்டு சுருள்களும் ஒரே விகிதத்தில் கேட்டிருந்தாலும் விடை காண முடியாது. ஒவ்வொரு செவியும் தன் இடத்திலிருந்து வேறுபட்டுக் கேட்பதே இங்கு செல்வம். 1997-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் சோடிக்சனும் மேனிங்கும் "ஸ்மாஷ்" என்னும் முறையை வெளியிட்டனர். 1999-ஆம் ஆண்டில் சூரிச் நகரில் புரூஸ்மனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட "சென்ஸ்" முறையின் சாரமே மேலே நான் கூறிய கணக்கு. 2002-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரிலிருந்து கிரிஸ்வால்ட் குழுவினரின் "கிராப்பா" வந்தது. சில ஆண்டுகளிலேயே இவை ஆய்வகத்தை விட்டு மருத்துவமனைகளுக்குள் நுழைந்துவிட்டன.

இது இலவசமாகக் கிடைத்ததன்று. வரிகளைப் பாதியாக்கினால் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். சுருள்கள் போதிய அளவு வேறுபட்டுக் கேளாவிடில் இன்னும் குறையும். அருகில் அமர்ந்து சம்பாதித்த தெளிவில் ஒரு பகுதியைக் கொடுத்துக் காலத்தை வாங்குகிறோம். நல்ல வாணிகம்தான், ஆனால் கையில் முதல் இருந்தால்தான் வாணிகம் செய்ய முடியும். அந்த முதலைத் தருவன நல்ல சுருள்கள்.

குழந்தைக்குப் பெரியவர் சட்டை

என் கருத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. "அசையாதே" என்றால் பெரியவர் கேட்பார். இரண்டு வயதுக் குழந்தை கேட்குமா? ஆகவே சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தே இப்படம் எடுக்கிறார்கள். மயக்கம் என்பது சிறு செய்தியன்று. அதற்கெனத் தனி மருத்துவர் வேண்டும்; மூச்சையும் நாடியையும் கண்காணிக்க வேண்டும்; வெளியே காத்திருக்கும் தாயின் நெஞ்சு படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. படமெடுக்கும் ஒவ்வொரு நிமிடம் குறையும்போதும் மயக்கத்தின் அளவும் குறைகிறது. சில வேளை மயக்கமே வேண்டாமல் போகிறது.

ஆனால் குழந்தையின் தலையைப் பெரியவருக்கெனச் செய்த தலைச்சுருளுக்குள் வைத்தால் என்ன ஆகும்? நாற்புறமும் இடைவெளி. அருகில் இருக்க வேண்டிய செவி தள்ளிப் போய்விடுகிறது. அப்பாவின் சட்டையை மகனுக்கு மாட்டியது போன்ற நிலை. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட பணி இவ்வகையில் போற்றத்தக்கது. பிறந்த குழந்தை, 6 மாதம், 1 வயது, 4 வயது, 7 வயது என ஐந்து அளவுகளில் 32 தடத் தலைச்சுருள்களைத் தனித்தனியே செய்து காட்டினர். காந்தத்தை மாற்றவில்லை, செவியைத் தலைக்குப் பொருந்தச் செய்தனர். படத்தின் தெளிவு உயர்ந்தது.

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் அரியாஸ், லுஸ்டிக் ஆகியோரின் குழுவினர் 2016-ஆம் ஆண்டில் மற்றொரு வழியைக் காட்டினர். துணியில் பூவேலை அச்சிடுவது போன்ற திரை அச்சு முறையில், வளையும் தாளின்மேல் கடத்தும் மையால் சுருள்களை அச்சிட்டனர். கனத்த பலகை போலன்றி, போர்வை போல உடலில் படியும் சுருள் இது. 2018-ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கையுறை வடிவிலேயே ஒரு சுருள் தொகுதி செய்து, விரல்கள் அசையும்போதே கையைப் படமெடுத்தனர். நோயாளி கருவிக்கு ஏற்ப மடங்கிய காலம் போய், கருவி நோயாளிக்கு ஏற்ப மடங்கும் காலத்தின் அறிகுறிகள் இவை.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

"அப்படியானால் டெஸ்லாவுக்குப் பதில் தடங்களின் எண்ணைப் பலகையில் எழுதிவிடலாமே" என்று நண்பர்கள் கேட்கலாம். அதுவும் பிழை என்பேன். நான்கில் தொடங்கிய தடங்கள் 8, 16, 32, 64 என்று வளர்ந்தன. 2009-ஆம் ஆண்டில் மூளைக்கென 96 தடச் சுருளும் ஆய்வகத்தில் செய்யப்பட்டது. அதில் மூளையின் மேற்பரப்பில் ஆதாயம் கிடைத்தது. ஆனால் தலையின் நடுப்பகுதியில் 32 தடச் சுருளைவிடக் குறிப்பிடத்தக்க ஆதாயம் இல்லை. ஆழத்திலிருந்து வரும் குரலுக்கு, அருகே நூறு செவிகளை அடுக்கினாலும் ஓர் எல்லை உண்டு. இயற்கை வகுத்த எல்லையை விளம்பரத்தால் தாண்ட முடியாது.

மேலும், செவிகள் பலவானால் ஓர் ஆபத்தும் உடன் வருகிறது. ஒற்றைச் சுருள் பழுதானால் படமே வராது, உடனே தெரிந்துவிடும். பதினாறில் ஒன்று பழுதானால் படம் வந்துகொண்டே இருக்கும். மற்றப் பதினைந்தும் குறையை மூடிமறைத்துவிடும். அந்தச் செவிடான செவியின் கீழே உள்ள இடம் மட்டும் சற்று மங்கலாக இருக்கும். அங்கே ஒரு சிறு கட்டி இருந்துவிட்டால்? ஆகவே ஒவ்வொரு சுருளையும் தனித்தனியே குறித்த காலத்தில் சோதித்துக் குறிப்பேட்டில் பதிவு செய்வது கட்டாயம் ஆக்கப்பட வேண்டும். கோடிக்கணக்கில் காந்தத்துக்குச் செலவிட்டுவிட்டுச் சுருளைச் சோதிக்க நேரமில்லை என்பது, தேர் செய்துவிட்டு வடத்தைச் சோதிக்காமல் இழுப்பதற்கு ஒப்பாகும்.

நாம் கேட்க வேண்டியவை

மக்களின் வரிப்பணத்தில் ஒரு கருவி வாங்கப்படும்போது எத்தனை டெஸ்லா என்று மட்டும் கேட்பது போதாது. எந்தெந்த உறுப்புக்கு எந்தெந்தச் சுருள்கள் உடன் வருகின்றன? குழந்தைக்குப் பொருந்தும் சுருள் உண்டா? பழுதான சுருளை மாற்ற எத்தனை நாள்? ஒவ்வொரு தடத்தையும் சோதிப்பவர் யார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் நல்ல விடை இருந்தால், 1.5 டெஸ்லா கருவியே பெரும்பாலான நோயாளிகளுக்குச் சிறந்த தொண்டாற்றும். விடை இல்லையென்றால், 3 டெஸ்லாவும் கோயில் வாசலில் கட்டிய யானையாகப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படும். மிச்சமாகும் நிமிடங்களையும் நோயாளியின் நலனுக்கே செலவிட வேண்டும். அவர் குழலுக்குள் கிடக்கும் நேரம் குறையட்டும், வெளியே வரிசையில் காத்திருக்கும் நாள்கள் குறையட்டும்.

இயற்பியல் பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். பெரிய காந்தம் செய்யப் பெருந்தொழிற்சாலை வேண்டும்; மீக்கடத்துக் கம்பி வேண்டும்; திரவ ஹீலியம் வேண்டும். சுருள் செய்ய வேண்டியவை செம்புக் கம்பி, மின்தேக்கி, பற்றவைக்கும் கோல், அளக்கும் கருவி, அவற்றோடு பொறுமை. பரிமாற்றுத் தூண்டல் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் உருப்போடாமல், ஆய்வுக்கூடத்தில் இரண்டு சுருள்களை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தி, தூண்டல் எங்கே சுழியாகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். ஐவர் 1990-ல் நின்ற இடத்தில் நீங்களும் ஒரு மாலைப்பொழுது நின்றவர்களாவீர்கள்.

வலிமையைப் பெருக்கிக்கொண்டே போவது ஒரு முன்னேற்றம். அருகில் சென்று, பல இடங்களிலிருந்து, பொறுமையாகக் கேட்பது மற்றொரு முன்னேற்றம். நோயுற்ற மனிதனுக்கு இரண்டாவதே பெரிதும் உதவியிருக்கிறது. அந்தச் செவிகளுக்கும் ஒரு மாலை சாத்துவோம்!